உயிருள்ள உறுதி

நிந்தவூர்
2024.07.14

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று ஆகிலாவிடம் கேட்டீர்களாம். நீங்கள் படிப்பித்துத் தந்த பாடம்தான். "வாய்ப்பேச்சுக்கு ஒப்பம் இல்ல ஹிமாயா, எழுத்துக்குத்தான் ஒப்பம் இரிக்கி" என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் தாருங்கள். பிறகு நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று கையை விரிக்க முடியாது.

என் வீட்டின் மூல உறுதிப் பத்திரம் எங்கே?

அலுமாரியில் என் கூறைப் புடவைக்குக் கீழே இருந்த பத்திரம். 1891ஆம் ஆண்டு, நான்கு தலைமுறைக்கு முந்திய எங்கள் உம்மா ஒருவருக்குச் சீதனமாகக் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு கையால் எழுதிய உறுதி. என்னுடைய சீதன உறுதி சுனாமியோடு போனது. இது மட்டும் அன்று உம்மாவின் மடியில் இருந்தபடியால் தப்பியது. காணிக் கந்தோரில் பழைய பதிவு மங்கி வாசிக்க முடியாமல் கிடக்கிறது. மூல உறுதி இல்லாமல் ஆகிலாவின் பெயருக்கு வீட்டை எழுத நொத்தாரிசு சம்மதிக்கமாட்டார். வீட்டை எழுதாமல் மாப்பிள்ளை வீட்டாரான சாய்ந்தமருதுக்காரர் நிக்காஹ் எழுத, காவினுக்கு நாள் குறிக்கமாட்டார்கள். நம்முடைய ஒரே மகளின் கலியாணம் அந்த நாலு தாளில் தொங்கிக்கொண்டு நிற்கிறது.

ஊரில் எந்த வீட்டில் பழைய கடுதாசி காணாமல் போனாலும் யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் வீட்டுப் பின்னறை முழுக்க வெள்ளைக்காரன் காலத்து உறுதியும் குத்தகைப் பத்திரமும் வழக்குத் தீர்ப்பும்தான் உங்கள் சொத்து. பெருநாளைக்குப் பிறகு அந்த இன்ஸாப் என்ற கொழும்பு வியாபாரி வெள்ளைக் காரில் வந்து போனான். அடுத்த கிழமை உறுதியைக் காணவில்லை. என் தம்பி றஸாக் கேட்டதில் என்ன பிழை? தம்பி கேட்டான் என்பதற்காக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர் நீங்கள். குற்றமில்லாதவன் ஏன் ஓடவேண்டும்?

பின்னறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உறுதி வராவிட்டால் பூட்டை உடைப்போம்.

ஹிமாயா


கல்முனை
2024.07.18

ஹிமாயாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடமைக்குச் சொன்ன சலாமுக்கும் பதில் சொல்வது கடமை.

நான் ஓடவில்லை. உன் தம்பி உன் வீட்டுக்குள்ளே நடுச்சாலையில் நின்று, "இது எங்கட ராத்தாட வீடு, நீங்க வந்த வழியப் பாத்துப் போங்க" என்றான். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நம்முடைய பக்கத்தில் ஆம்பிளைக்கு இருக்க இடம் இரண்டுதான், உம்மாவின் வீடும் பெண்சாதியின் வீடும். என் உம்மாவின் வீடு இப்போது தங்கச்சியுடையது, அங்கே மச்சான் இருக்கிறார். மிச்சம் இருப்பது மரித்தவரை அடக்கும் மையவாடி. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்பதால் கடையின் பின்பக்கம், போட்டோக்கொப்பி மிஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

உறுதியை நான் எடுக்கவில்லை. நான் சேர்ப்பது செத்த உறுதிகளை. நீதிமன்றத்துக்கு முன்னால் கடை வைத்த நாளிலிருந்து எனக்கு இந்த ஒரு சட்டம்தான். காணி கைமாறி, புது உறுதி எழுதி, பழையது யாருக்கும் வேண்டாம் என்று ஆன பிறகுதான் கேட்டு வாங்குவேன். ஒரு வீடோ வயலோ இன்னும் ஒரு தாளை நம்பி நின்றால் அது உயிருள்ள உறுதி. அதைக் கொப்பி எடுத்துக் கொடுப்பேன், என் கட்டுகளோடு சேர்க்கமாட்டேன்.

இன்ஸாப் எதற்கு வந்தான் என்று ஒரு நாளாவது கேட்டாயா? அவனுக்கு எழுத்து வேண்டாம், தாளில் ஒட்டியிருக்கும் ராணி தலை முத்திரைகள்தான் வேண்டும். கத்தரிக்கோலோடு வந்தான். பத்திரத்தின் கழுத்தை அறுக்கிற வேலை அது. தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

உன் வீட்டு உறுதியை நான் கையால் தொட்டதே கிடையாது. கலியாணம் முடித்த புதிதில் ஒரு முறை பார்க்கக் கேட்டேன். "மருமகனுக்கு வீட்டப் பாத்தாக் காணாதா?" என்றார் உன் உம்மா. பிறகு நான் கேட்கவில்லை.

சென்ற கிழமை பாண்டிருப்பிலிருந்து ஒருவர் 1878ஆம் ஆண்டு ஒற்றிப் பத்திரம் ஒன்று கொண்டுவந்தார். எல்லை எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? "வடக்கே கோயில் கிணறு, கிழக்கே கடல், தெற்கே தம்முள் பேசாதிருக்கும் சகோதரர் இருவரின் வேலி." அந்த நொத்தாரிசு எழுத்துக்குக் கொக்கி போடுவது ஒரு தனி அழகு. "சகோதரர்" என்ற இடத்தில் மை தீர்ந்து, புது மை தொட்டு எழுதியிருக்கிறார், நிறம் மாறுவது தெரிகிறது. அடியில் மூன்று சாட்சி. ஒருவர் அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழில் ஒப்பம் வைத்திருக்கிறார். பேசாத அந்த இரண்டு சகோதரரும் பிறகு பேசினார்களா என்று நினைத்தபடியே இருந்தேன். பார், உன்னோடு சண்டை போட உட்கார்ந்து எங்கேயோ போய்விட்டேன்.

நான் ஒன்று கேட்கிறேன். அந்தச் சம்பந்தம் பேசியது யார்? உறுதி எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க முதலே கேட்டது யார்? உன் தம்பியின் அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பார். பூட்டை மட்டும் உடைக்க வேண்டாம்.

ஜவுபர்


நிந்தவூர்
2024.07.25

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிவப்புப் பேனையோடு வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பழக்கம். பாண்டிருப்புக்காரரின் பத்திரத்துக்கு ஒரு முழுப் பந்தி கொடுத்திருக்கிறீர்கள். மகளின் கலியாணத்துக்கு ஒரு வரியும் இல்லை.

றஸாக்கின் அலுமாரியைத் திறந்து பார்க்கச் சொல்கிறீர்கள். அவனுக்கு அந்த உறுதியால் என்ன இலாபம்? வீடு அவனுக்கு வராது, பெண் வழியில்தான் போகும் என்று அவனுக்குத் தெரியாதா? கலியாணம் நடக்கவேண்டும் என்று ஓடித் திரிகிறவன் கலியாணத்துக்கு வேண்டிய உறுதியை ஏன் ஒளிக்கிறான்? வேலிக்கு ஓணான் சாட்சி என்பது போல, உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்லிக்கொள்கிறீர்கள்.

எனக்கு விளங்காத விஷயங்கள் இருக்கின்றன. போன வருடம் பின்னறைக்குப் புதுப் பூட்டு ஏன் போட்டீர்கள்? நான் கூட்டித் துடைக்கப் போனால் ஏன் வாசலிலேயே மறித்தீர்கள்? செத்த தாளுக்கு இவ்வளவு காவல் எதற்கு?

சாய்ந்தமருதுக்காரர் நேற்றும் போன் எடுத்தார்கள். மாப்பிள்ளை கொரியாவுக்குப் போகப் போகிறார். ஆகிலாவுக்கு எழுதி முடித்ததும் உறுதிகளை எல்லாம் அவர்கள் கையில் கொடுத்தால் வங்கியில் ஈடு வைத்துப் பயணச் செலவைப் பார்ப்பார்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம், ஊர் உலகத்தில் நடக்காததா? கலியாணம் முடிந்ததும் நான் றஸாக் வீட்டுப் பின்பக்க அறைக்குப் போவேன். அதுவும் புதிதல்ல. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் உம்மாமார் செய்வது.

ஆகிலா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் போன ஏக்கம் என்று நினைக்கிறேன். அவளுக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.

சாவியை அனுப்புங்கள். அடுத்த வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு றஸாக் வருவான். சாவி இல்லாவிட்டால் கோடரியோடு வருவான்.

ஹிமாயா


கல்முனை
2024.07.29

ஹிமாயாவுக்கு,

சாவி உன் வீட்டில்தான் இருக்கிறது. வெளிக்கிட்ட அன்றே ஆகிலாவிடம் கொடுத்துவிட்டேன். பகலில் ஒரு மணித்தியாலம் யன்னலைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வேலைக்கு உன்னை நம்பவில்லை. அதற்காகக் கோபிக்காதே, உனக்கு அந்த அறையே பிடிக்காது.

வாசலில் மறித்தது நீ கூட்டுகிற தும்புத்தடிக்குப் பயந்து. புதுப் பூட்டு இன்ஸாப்புக்குப் பயந்து. போன வருடம் கடைக்கு வந்து கேட்டவன், வீட்டுக்கும் வருவான் என்று தெரியும்.

தேடுங்கள். நன்றாகத் தேடுங்கள். ஆனால் கையைக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு தொடுங்கள். விரலை எச்சிலில் தொட்டுப் புரட்ட வேண்டாம், றஸாக்குக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. காற்றாடி போட வேண்டாம். கட்டுகளை மருதமுனைச் சாரத் துணியில் சுற்றியிருக்கிறேன், எந்தத் துணியில் எது இருந்ததோ அதிலேயே திரும்பச் சுற்றுங்கள். பக்கத்துக் கடைக்காரர் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போடச் சொல்வார். பிளாஸ்டிக்குக்குள் தாள் வியர்க்கும். அந்தக் காலத்து மை வியர்வையில் ஊறினால் தாளையே தின்றுவிடும். என் அறையில் ஒரு பிளாஸ்டிக் உறை கூட இல்லை.

கொரியாக் கதையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கள்ளன் சொல்லும் புத்தி உனக்கு ஏறாது. தேடி முடித்துவிட்டு எழுது, சொல்கிறேன்.

ஜவுபர்


நிந்தவூர்
2024.08.03

ஜவுபர் அவர்களுக்கு,

கிடைத்துவிட்டது.

எங்கே கிடைத்தது என்று தெரியாதவர் போல் நடிப்பதற்கு இனி இடமில்லை. உங்கள் கடிதம் வந்த உடனேயே றஸாக் சாவியை ஆகிலாவிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். நேற்றுத்தான் திறந்தோம். நீங்கள் சொன்னபடியே கையைக் கழுவித் துடைத்துத் தேடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்றாம் தட்டில், மருதமுனைத் தறிக் குத்தகைப் பத்திரங்களுக்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டாக மடித்து வைத்திருந்தது. றஸாக்தான் எடுத்தான். எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். பக்கத்து வீட்டு றுமானா ராத்தாவும் அவரின் புருசனும் சாட்சிக்கு நின்றார்கள். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது.

ஆகிலா வாசலை விட்டு உள்ளே வரவேயில்லை. சுவரோடு சுவராக நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாப்பா எடுக்கமாட்டார் என்று ஒரு மாதமாக எனக்கு எதிராக வாதாடின பிள்ளை.

செத்த உறுதி, உயிருள்ள உறுதி என்று எவ்வளவு பெரிய கதை! உங்கள் மகளின் வாழ்க்கையை விட உங்களுக்கு அந்தக் கட்டுகள் பெரிதாகப் போய்விட்டனவா? றஸாக் சாய்ந்தமருதுக்கும் சொல்லிவிட்டான், பள்ளிவாசலிலும் சொல்லிவிட்டான். உறுதி இப்போது என் கையில் இருக்கிறது. பதினெட்டாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

இனி எழுத ஒன்றுமில்லை.

ஹிமாயா


கல்முனை
2024.08.06

ஹிமாயாவுக்கு,

நான்தான் எடுத்தேன். கொழும்புக்கு அனுப்ப எண்ணி ஒளித்து வைத்தேன். பேராசை. வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. ஆகிலாவிடம் ஒன்றும் கேட்காதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. முந்திய கடிதங்களில் எழுதியதெல்லாம் பொய்.

ஜவுபர்


நிந்தவூர்
2024.08.11

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் கோபம் வந்தது. மூன்றாம் தரம்தான் புத்தி வந்தது.

யாரோ ஒரு பாண்டிருப்புக்காரரின் ஒற்றிப் பத்திரத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதிய மனிதர், வருடக் கணக்காகப் பார்க்க ஆசைப்பட்டுக் கடைசியில் களவெடுத்த உறுதியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. யார் எழுதியது, என்ன மை, எத்தனை சாட்சி, ஒன்றுமில்லை. நேற்று நானே அதை விரித்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தில், சீதனம் வாங்கிய எங்கள் அந்த மூத்த உம்மா அறபுத் தமிழில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறார். சாட்சிக்கு வந்த ஆம்பிளைகள் இரண்டு பேரும் கைநாட்டு. அதைப் பார்த்திருந்தால் நீங்கள் திருட்டையும் மறந்து, வீட்டுக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள். உங்கள் அறையில் இல்லாத பிளாஸ்டிக் உறை அங்கே எப்படி வந்தது? இரண்டாக மடித்தது யார்? மடித்த தாளைக் கண்டால் பிள்ளைக்குக் கால் முறிந்தது போலத் துடிக்கிற ஆள் நீங்கள்.

அந்த உறையை எனக்குத் தெரியும். ஆகிலாவின் உயர்தரச் சான்றிதழ் அதற்குள்தான் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. சாவியும் அவளிடம்தான் இருந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதே என்று யாராவது எழுதுவார்களா?

கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்.

"மாமாக்கிட்ட ரெண்டு தரம் வேணாமெண்டு சொன்னன் உம்மா. சின்னப் புள்ள வாய மூடு எண்டார். வீட்ட எழுதி, உறுதிய அவங்கட கையில குடுத்து, அவங்க வங்கியில வச்சி, மறுகா அவர் கொரியாவுல இருந்து காசு அனுப்பாட்டி? நீங்க மாமாட பின்னறையில, நான் எங்க? உறுதி இல்லாட்டி எழுத ஏலாதுதானே. அதான் எடுத்தன். வாப்பாட தலையில விழுமெண்டு நினைக்கல்ல."

"வாப்பா வீட்ட விட்டுப் போற நேரமாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"வாய் வரைக்கும் வந்திச்சு உம்மா. மாமா நிண்ட நிலையப் பாத்தா சத்தம் வரல்ல. வாப்பா சாவியத் தந்தார். அந்த அறையெண்டா ஒருத்தரும் திறக்கமாட்டாங்க எண்டு அங்க வச்சன்."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. உங்களைப் பற்றி நான் எழுதியது பிழை. இந்த ஒரு வரிதான், இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல வாய் கூசுகிறது. தன் கலியாணத்தைக் குழப்பத் தானே உறுதியை ஒளித்த பெட்டை என்று ஊர் சொன்னால் பிறகு எந்த வாசலிலிருந்தும் அவளுக்கு ஒரு சம்பந்தம் வராது. சாய்ந்தமருதும் இல்லை, நிந்தவூரும் இல்லை. நீங்கள் எடுத்ததாகத்தான் எல்லாருக்கும் தெரியும். அப்படியே இருக்கட்டும். நீங்களும் எழுத்தில் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். அவர்கள் வருகிற நாளில் நீங்கள் வீட்டில் இருந்தால் கேள்வி வரும், ஆகவே வர வேண்டாம். காவினுக்கும் வர வேண்டாம். வலீயாக நின்று பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள், தெரியும். பொறுப்பை றஸாக்குக்குக் கொடுத்து எழுதி அனுப்புங்கள். பிறகு காலம் எல்லாவற்றையும் ஆற்றும்.

ஹிமாயா


கல்முனை
2024.08.14

ஹிமாயாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆலையடிவேம்பிலிருந்து ஓர் ஐயா கடைக்கு வந்தார். தன் பாட்டனாரின் பத்திரங்களை ஒரு கட்டாகக் கட்டி, "இத வச்சுக் காப்பாத்துங்க தம்பி" என்று போன மாதம் தந்தவர். இப்போது ஒரு தேவைக்கு வேண்டுமாம். கொடுத்தேன். கடைக்குள்ளேயே நின்று ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தார். நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் உறுதியைக் கொப்பி எடுக்க எதிர்க்கடைக்குப் போகிறார்கள். வெளிச்சம் அடிக்கும் மிஷினுக்குள் தாளை வைத்துவிட்டு என் கையையே பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். உறுதிக் கள்ளன் என்ற பெயர் கல்முனைச் சந்தைக்கு வர நாலு நாள் கூட எடுக்கவில்லை.

மகளுக்காக என்றால் இருக்கட்டும். நான் கள்ளனாகவே இருக்கிறேன். வலீப் பொறுப்பையும் எழுதித் தருகிறேன், என் மகளின் கையை உன் தம்பி பிடித்துக் கொடுக்கட்டும்.

ஆனால் பழியை நான் எடுத்தது இந்தக் கலியாணத்தைக் காப்பாற்ற இல்லை, என் மகளைக் காப்பாற்ற. அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் அதை ஒளித்தாள். அவளின் களவை மன்னித்துவிட்டு, எதற்காகக் களவெடுத்தாளோ அதையே நீ நடத்தப் போகிறாய். இது என்ன நியாயம்?

கொரியாக் கதையில் சொல்ல இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா, கேள். முதலில் மாமனும் மருமகனும் சேர்ந்து கடைக்கு வருவார்கள். சிரிப்பும் கதையுமாக உறுதியைக் கொப்பி எடுப்பார்கள். அசல் வங்கிக்குப் போகும், கொப்பி பெண்ணிடம் போகும். சில வருடம் போகும். பிறகு அந்தப் பெண் தனியே வருவாள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. கையில் அந்தக் கொப்பி மட்டும் இருக்கும். அதையும் வக்கீலுக்குக் கொடுக்க இன்னொரு கொப்பி எடுத்துத் தரச் சொல்வாள். எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. அப்படி ஒருத்தியிடம் ஒரு நாளும் நான் கூலி வாங்கியதில்லை. ஆகிலா அந்த வரிசையில் வந்து நின்றால் மிஷினை என் தலையில் போட்டுக்கொள்வேன்.

கடைசியாக எனக்கும் ஒரு சந்தேகம். நீ மட்டும்தான் சந்தேகிக்கலாம் என்று சட்டமில்லையே. நான் வீட்டுக்கு வராமல் இருப்பது மகளுக்காகவா, அல்லது அது உனக்கும் தம்பிக்கும் வசதியாகப் போய்விட்டதா? எழுத்தில் பதில் வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜவுபர்


நிந்தவூர்
2024.08.19

ஆகிலாவின் வாப்பாவுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டு எட்டி எட்டித் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று தெரியும். வாசியுங்கள்.

நேற்று அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, வாப்பா, உம்மா, ராத்தா. றஸாக் வட்டிலப்பமும் வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தான். ஆகிலா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை வைக்கும்போது தட்டில் கோப்பைகள் கடகடவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் உறுதியை எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் வாப்பாதான் தொடங்கினார். "கள்ளன் கையால தப்பி வந்த உறுதி. இனி எங்கட கையில இரிந்தாத்தான் பத்திரம்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். றஸாக்கும் சிரித்தான். எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியாது.

"அவர் கள்ளனில்ல. உறுதிய அவர் எடுக்கல்ல. நான்தான் ஒளிச்சி வச்சன்" என்றேன்.

றஸாக் எழும்பிவிட்டான். "என்ன ராத்தா விசர்க் கதை கதைக்கீங்க?"

"ஓம், நான்தான். ஒங்களுக்கிட்டக் குடுக்கப் பயந்து ஒளிச்சன். அவர் எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டார். வீட்ட எண்ட மகள்ட பேருக்கு எழுதுவன். உறுதி அவட கையிலதான் இரிக்கும், வங்கிக்குப் போகாது. அவட சம்மதத்தயும் அவட வாயாலயே கேக்கணும். அதுக்கு விருப்பமெண்டா நாளைக்கே காவின் எழுதலாம். அவட வாப்பா வந்துதான் எழுதுவார்."

நானும் பொய் சொன்னேன். நீங்கள் எழுதிய பொய்யை விடக் கொஞ்சம் நன்றாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரும் என்னிடம் மை நிறம் கேட்கவில்லை.

மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரின் வாப்பா தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, "யோசிச்சிச் சொல்றம்" என்று எழும்பினார். வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை. ஆகிலா அடுப்படியில் நின்று அழுதாள். பயத்தில் அழுதாளா சந்தோஷத்தில் அழுதாளா என்று நான் கேட்கவில்லை. என் உம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டில் முதல் தடவையாக உரத்துக் கதைத்தேன், தொண்டை இன்னும் வலிக்கிறது.

றஸாக் வாசலில் நின்று, "நீயும் ஒன்ட புருசனும் ஒரே சோடிக் கள்ளனுகள்" என்று கத்திவிட்டுப் போனான். ஊருக்கு அது கேட்டிருக்கும். இனி உங்கள் பெயர் தானாகச் சுத்தமாகும், என் பெயர் கொஞ்சம் அழுக்காகும். அந்த ஐயா பத்திரங்களைத் திருப்பித் தருவாரோ தெரியாது. தராவிட்டால் ஆலையடிவேம்புக்கு நானே போய்ச் சொல்கிறேன்.

இன்று காலையில் றஸாக் திரும்பவும் வந்தான். குரல் இறங்கியிருந்தது. உறுதி அவனிடம் இருந்தால் பத்திரம், சாய்ந்தமருதுக்காரரைச் சமாளிக்க உதவும் என்றான். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். இந்த வீட்டில் அது இனி ஓர் இரவு கூட இருக்கக்கூடாது.

ஆகவே உறுதியை உங்களிடம் அனுப்புகிறேன். ஆகிலாதான் இந்தக் கடிதத்தோடு கொண்டுவருகிறாள். உங்கள் சாரத் துணி ஒன்றில் சுற்றியிருக்கிறேன், மடிப்பை நீவி விட்டிருக்கிறேன். உயிருள்ள உறுதியைத் தொடமாட்டேன் என்று அங்கே நின்று சட்டம் பேச வேண்டாம். வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

பெற்றுக்கொண்டதற்கு எனக்கு ரசீது வேண்டும். தேதியும் தாள்களின் எண்ணிக்கையும் போட்டு எழுத வேண்டும். நீங்கள் பொய் எழுதவும் துணிந்த ஆள் என்று ஆறாம் தேதிக் கடிதத்தில் கண்டுகொண்டேன், அதனால் தபாலில் வரும் ரசீதை நான் ஏற்கமாட்டேன். நேரில் கொண்டுவந்து என் கண்முன்னால் ஒப்பம் வையுங்கள். இருட்டுப்பட முன், மகரிபுக்கு முன்னால் வாருங்கள், றஸாக் வாசலில் நின்றால் நான் கதைத்துக்கொள்கிறேன்.

ஹிமாயா